அக்கம்பக்கம் இல்லாத ஊரில் பிள்ளை வளர்ப்பு



சென்னைக் கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே மின்சார ரயில் ஓடத் தொடங்கியது 1931 மே மாதத்தில். அதற்கு மூன்று ஆண்டுகள் முன்பே, 1928இல், டாக்டர் டேவிட் சௌரி முத்து இங்கே, தாம்பரத்தில், காசநோய் மருத்துவமனையை நிறுவியிருந்தார். சானடோரியம் என்று நாம் இறங்கும் நிலையத்தின் பெயர் அதிலிருந்து வந்தது. 1937இல் சென்னைக் கிறித்தவக் கல்லூரி நகருக்குள்ளிருந்து இங்கே பெயர்ந்து வந்தது. 1984இல் மெப்ஸ் என்ற ஏற்றுமதி மண்டலம் வந்தது. ஒவ்வொரு முறையும் இந்த ஊர் வெளியிலிருந்து வந்தவர்களாலேயே வளர்ந்திருக்கிறது. பக்கத்துப் பல்லாவரம் நகராட்சியில் 2001 கணக்கெடுப்பின்போது ஏறக்குறைய 1 லட்சத்து 45 ஆயிரம் பேர். பத்தே ஆண்டில் அது 2 லட்சத்து 15 ஆயிரம் ஆயிற்று. 2021 நவம்பரில் ஐந்து நகராட்சிகளும் ஐந்து பேரூராட்சிகளும் சேர்ந்து 70 வார்டுகள் கொண்ட தாம்பரம் மாநகராட்சி உருவானது. இப்படிக் குடிவரும் குடும்பம் கட்டில், பீரோ, கிரைண்டர், தொட்டில் கம்பி எல்லாவற்றையும் லாரியில் ஏற்றிக்கொண்டு வருகிறது. அத்தையும் பெரியம்மாவும் எதிர்வீட்டு ஆயாவும் அந்த லாரியில் வருவதில்லை.

நான் சொல்ல வந்தது இதைச் சுற்றித்தான். இங்குள்ள பெற்றோருக்குப் பாசமும் குறையவில்லை, புத்திமதியும் குறையவில்லை. கைபேசியைத் திறந்தால் குழந்தைக்கு எந்த மாதத்தில் என்ன ஊட்டுவது, எப்படித் தூங்க வைப்பது, எந்த வயதில் எழுத்தைக் காட்டுவது என்று ஆயிரம் பேர் சொல்கிறார்கள். ஒருவர் சொன்னதை இன்னொருவர் மறுக்கிறார். எது தன் பிள்ளைக்குப் பொருந்தும் என்று உட்கார்ந்து பேச, தன்னைவிட இரண்டு வருடம் முன்னே போய்க்கொண்டிருக்கும் இன்னொரு தாயோ தகப்பனோ பக்கத்தில் இல்லை. அப்படிப்பட்டவர்களைத் தெருத்தெருவாகச் சேர்த்து வைப்பதே பெற்றோர் கல்வியின் முதல் வேலை என்பது என் வாதம். துணை முதலில் வர வேண்டும். அறிவு அந்தத் துணையின் கையைப் பிடித்துக்கொண்டுதான் வீட்டுக்குள் நுழையும். வரிசையை மாற்றிப் போட்டு நாம் பல ஆண்டுகள் வீணாக்கிவிட்டோம்.

இந்தத் தனிமை வசதியைப் பார்த்து வருவதில்லை. மேடவாக்கம், சேலையூர் அடுக்குமாடிகளில் வாயில் காவலரைத் தாண்டி யாரும் யார் வீட்டுக்கும் சும்மா போவதில்லை. இந்தப் பக்கம் பெரும்பாக்கத்தில் 20 ஆயிரத்துக்கும் மேற்பட்ட அரசுக் குடியிருப்புகள் எழுப்பப்பட்டிருக்கின்றன. அதே போன்ற கண்ணகி நகர்க் குடியிருப்பு 2000ஆம் ஆண்டையொட்டி உருவானது. கூவம், அடையாற்றுக் கரைகளில் இருந்தவர்கள் பலர், முக்கியமாக 2015 வெள்ளத்துக்குப் பிறகு, இங்கே கொண்டுவந்து விடப்பட்டார்கள். ஆற்றங்கரைக் குடிசையில் வெள்ளம் இருந்தது, நோய் இருந்தது. ஆனால் வேலைக்குப் போகும் அம்மா குழந்தையைக் கையில் கொடுத்துவிட்டுப் போக நான்கு வீடு தள்ளி ஒரு சித்தியும் இருந்தாள். வீட்டு எண்ணைக் கணக்கிட்டு ஒதுக்கியவர்கள் அந்தச் சித்தியைக் கணக்கில் எடுக்கவில்லை. மாடி வீடு கிடைத்த குடும்பம் அக்கம்பக்கத்தை இழந்தது. அடுக்குமாடியில் கடன் வாங்கிக் குடியேறிய குடும்பமும் அதையேதான் இழந்திருக்கிறது.

இந்த இடத்தில் ஒரு மறுப்பு எழும், எழ வேண்டியதுதான். பிள்ளை வளர்க்கப் பாடமா? நம் பாட்டிமார் எந்தக் கூட்டத்துக்குப் போய்க் கற்றார்கள்? என் பதில்: அவர்களும் கற்றார்கள். தங்கை தம்பியை இடுப்பில் சுமந்து கற்றார்கள். அக்காள் பிரசவத்துக்குத் தாய்வீடு வந்தபோது கூட இருந்து கற்றார்கள். பத்துப் பேர் பிள்ளை வளர்ப்பதைப் பார்த்த பிறகே தங்கள் முதல் பிள்ளையைக் கையில் வாங்கினார்கள். 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் ஒரு பெண்ணுக்குச் சராசரி 1.8 குழந்தைதான். இன்றைய தாய்மாரில் பலருக்குத் தாங்கள் குளிப்பாட்டும் முதல் கைக்குழந்தை தங்கள் குழந்தையே. பயிற்சிக்கூடம் மூடிவிட்டது, அதை மறுபடி திறக்க வேண்டும் என்பதுதான் கோரிக்கை. அதோடு, பாட்டி சொன்னதெல்லாம் சரி என்றும் நான் சொல்ல மாட்டேன். சீம்பாலைப் பீய்ச்சிக் கொட்டியதும், பிறந்த குழந்தையின் நாவில் சர்க்கரைத் தண்ணீரைச் சேனையாக வைத்ததும் அவர்கள் காலத்துப் பாடங்களே. கூடிக் கற்கும் முறை அவர்களிடம் நன்றாக இருந்தது. பாடத்தில்தான் திருத்தம் தேவைப்பட்டது.

மருத்துவமனை இருக்கிறதே, அது சொல்லிக்கொடுக்காதா என்று கேட்கலாம். அதே ஆய்வின்படி தமிழ்நாட்டில் நூற்றில் 99 பிரசவங்களுக்கு மேல் மருத்துவமனையில்தான் நடக்கின்றன. இந்தியாவுக்கே முன்மாதிரியான சாதனை இது. ஆனால் ஆறு மாதத்துக்குள் இருக்கும் குழந்தைகளில் தாய்ப்பால் மட்டும் குடிப்பவர்கள் பாதிக்குச் சற்றே மேல். மருத்துவமனை வாசலுக்கும் வீட்டுத் தொட்டிலுக்கும் நடுவே பாதிப் பாடம் கரைந்துவிடுகிறது. மூன்றாம் நாள் மார்பு கட்டி வலிக்கும்போது, குழந்தை விடாமல் அழும்போது, பால் போதவில்லை போலிருக்கிறது என்று யாராவது சொல்லும்போது, தாய் நர்ஸ் சொன்னதை நினைத்துப் பார்ப்பதில்லை. பக்கத்தில் இருப்பவரின் முகத்தைத்தான் பார்க்கிறாள். அந்த முகம் பயந்திருந்தால் புட்டிப்பால் வந்துவிடும்.

இதற்கு வழி தேடி வெளிநாடு போக வேண்டியதில்லை. 1980இல் தமிழ்நாட்டில், மதுரை மாவட்டத்துக் கொட்டாம்பட்டியில் தொடங்கி, உலக வங்கிக் கடனில் ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம் ஒன்று நடந்தது. ஆறு மாதத்திலிருந்து மூன்று வயது வரையுள்ள குழந்தைகளை மாதந்தோறும் எடை போட்டார்கள். எடை ஏறாத குழந்தைக்கு மட்டும் குறிப்பிட்ட காலம் சத்துணவு கொடுத்து, தேறியதும் நிறுத்தினார்கள். எல்லோருக்கும் எப்போதும் கொடுத்துக்கொண்டே இருந்திருந்தால் தாய்க்கு எதுவும் புரிந்திருக்க வேண்டிய அவசியமே இல்லை. நிறுத்துவது என்று முடிவு செய்ததால்தான், எடை அட்டையின் கோடு ஏன் படுத்தது, வீட்டில் எதை மாற்றினால் அது எழும் என்று தாயோடு சேர்ந்து பேச வேண்டியிருந்தது. என்னை அதிகம் யோசிக்க வைப்பது அத்திட்டம் பணியாளரைத் தேர்ந்தெடுத்த விதம். அதே ஊர்ப் பெண்ணாக இருக்க வேண்டும். ஏழையாக இருந்தும் தன் பிள்ளைகளை ஆரோக்கியமாக வளர்த்தவளுக்கு முன்னுரிமை. இதில் எவ்வளவு ஆழம் இருக்கிறது பாருங்கள். அவள் சொல்வதைக் கேட்கும் தாய் ‘உனக்கென்ன, வசதி இருக்கிறது’ என்று தட்டிக்கழிக்க முடியாது. அவள் பிள்ளையே அவள் சொல்வதற்குச் சாட்சி. ஊர்தோறும் மகளிர் குழுக்களும் அவளுக்குத் துணை நின்றன. கடும் ஊட்டக்குறைவு அத்திட்டப் பகுதிகளில் கண்கூடாகக் குறைந்தது. நாற்பது ஆண்டுகளுக்கு முன் நம்மிடமே இருந்த அறிவு இது.

இதைவிடக் கறாரான சோதனை ஒன்று ஜார்க்கண்டிலும் ஒடிசாவிலும் நடந்தது. எக்ஜுட் என்ற அமைப்பு, பெரும்பாலும் ஆதிவாசிகள் வாழும் மூன்று மாவட்டங்களில் பெண்கள் குழுக்களை மாதம் ஒருமுறை கூட்டியது. நடத்தியவர் மருத்துவரோ நர்ஸோ இல்லை, உள்ளூர்ப் பெண். படிக்கத் தெரியாதவர்களுக்காகப் படங்கள், கதைகள், விளையாட்டுகள். முதலில் பச்சிளங்குழந்தைகள் ஏன் சாகின்றன என்று அவர்களே பேசினார்கள். எந்தச் சிக்கலை முதலில் எடுப்பது என்று அவர்களே முடிவு செய்தார்கள். தீர்வையும் அவர்களே தேர்ந்தார்கள். குழுக்கள் இருந்த பகுதிகளையும் இல்லாத பகுதிகளையும் ஒப்பிட்ட முடிவு 2010இல் லான்செட் மருத்துவ இதழில் வந்தது: மூன்று ஆண்டுகளில் பச்சிளங்குழந்தை இறப்பு 32 சதவீதம் குறைவு; கடைசி இரண்டு ஆண்டுகளை மட்டும் எடுத்தால் 45 சதவீதம். மூன்றாம் ஆண்டில் தாய்மாரிடையே மிதமான மனச்சோர்வும் பாதிக்கு மேல் குறைந்திருந்தது. மனச்சோர்வைப் பற்றி அந்தக் கூட்டங்களில் யாரும் பாடம் நடத்தவில்லை. மாதம் ஒருமுறை கூடிப் பேசியதன் பலன் அது என்றே நான் எடுத்துக்கொள்கிறேன்.

அதே ஆண்டு, அதே இதழில், வங்கதேசத்தில் இதே முறையைச் செய்து பார்த்த இன்னொரு ஆய்வும் வந்தது. அங்கே பலன் எதுவும் தெரியவில்லை. என் வாதத்துக்கு எதிரானது என்று இதை ஒதுக்கிவிடக் கூடாது. நமக்குத் தேவையான பாடமே இதில்தான் இருக்கிறது. எக்ஜுட் 468 பேருக்கு ஒரு குழு என்று வைத்திருந்தது. வங்கதேசத்தில் 1,414 பேருக்கு ஒரு குழு. பிறகு அங்கே குழுக்களைப் பெருக்கி, ஏறத்தாழ 300 பேருக்கு ஒன்று என்று ஆக்கியபோது பச்சிளங்குழந்தை இறப்பு 38 சதவீதம் குறைந்தது. அது 2013இல் வெளியானது. முறையும் அதே, மக்களும் அதே, அடர்த்திதான் மாறியது. பல நாட்டு ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோதும், கருவுற்ற பெண்களில் நூற்றுக்கு முப்பது பேராவது குழுவுக்கு வந்த இடங்களில்தான் பலன் இருந்தது. ஊருக்கு ஒரு விழிப்புணர்வு முகாம், வருடத்துக்கு ஒரு கருத்தரங்கம் என்று நாம் நடத்துவது ஏன் எதையும் மாற்றுவதில்லை என்பதற்கு இதைவிடத் தெளிவான விடை வேண்டாம்.

உயிர் பிழைப்பது ஒன்று, அறிவு மலர்வது இன்னொன்று. பின்னதற்கும் இது உதவுமா? ஜமைக்காவின் கிங்ஸ்டனில் 1980களில் வளர்ச்சி குன்றிய 129 குழந்தைகளைக் கொண்டு சாலி கிரந்தம்-மெக்ரிகர் ஓர் ஆய்வைத் தொடங்கினார். சுகாதார உதவியாளர்கள் வாரம் ஒரு மணி நேரம், இரண்டு ஆண்டுகள் வீட்டுக்குப் போனார்கள். தூக்கி எறியும் பொருள்களில் செய்த பொம்மைகளை வைத்துத் தாயும் குழந்தையும் விளையாடக் காட்டினார்கள். இருபது ஆண்டு கழித்து அந்தக் குழந்தைகளின் சம்பாத்தியம், அந்த உதவி கிடைக்காதவர்களைவிட 25 சதவீதம் அதிகம். சத்துணவு மட்டும் பெற்றவர்களிடம் இந்த வேறுபாடு இல்லை. வீடுவீடாகப் போவது செலவு பிடிக்கும் வேலை என்பது உண்மை. அதனால் ஒடிசாவின் 192 கிராமங்களில், வீட்டுக்குப் போவதையும் தாய்மாரைக் குழுவாகக் கூட்டுவதையும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். குழந்தைகளின் அறிவு வளர்ச்சியில் இரண்டும் ஏறத்தாழ ஒரே அளவு பலன் தந்தன. குழுமுறைக்கு ஆன செலவு மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு.

மாற்றுத்திறன் குழந்தைகளின் பெற்றோருக்கு இது இன்னும் அவசரம். தி.நகரில் 1989 முதல் இயங்கும் மதுரம் நாராயணன் மையத்தில் தாயும் குழந்தையோடு வந்து உட்கார்ந்து கற்பது தொடக்கத்திலிருந்தே முறை. சிகிச்சை அறையில் ஒரு மணி நேரம், வீட்டில் மீதி நாள் முழுவதும் என்ற எளிய கணக்கு அதன் பின்னால் இருக்கிறது. கோவாவிலும் ராவல்பிண்டியிலும் ஆட்டிசக் குழந்தைகளின் பெற்றோருக்கு, நிபுணர் அல்லாத பயிற்சி பெற்ற பணியாளர்களே வழிகாட்டிய சோதனையில், குழந்தையோடு இசைந்து பேசும் திறன் பெற்றோரிடம் கூடியது. 2016இல் அந்த முடிவு வெளிவந்தது. முட்டுக்காட்டில் மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய நிறுவனமே இருக்கிறது. ஆனால் முடிச்சூரிலிருந்து இரண்டு பஸ் மாறிக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வாரம் இருமுறை முட்டுக்காடு போக எத்தனை தாய்மாரால் முடியும்? பக்கத்துத் தெருவில் அதே போன்ற பிள்ளையை வளர்க்கும் இன்னொரு தாய் இருக்கிறாள் என்பதுகூட அவளுக்குத் தெரியாமல் இருக்கிறது. அந்த இருவரைச் சந்திக்க வைக்கப் பெரிய நிதி தேவையில்லை.

இனி, எளிதில் தள்ளிவிட முடியாத மறுப்புகளுக்கு வருகிறேன். பெற்றோர் கல்வி என்ற பெயரில் ஏழைத் தாயின் தலையில் பழியைச் சுமத்துகிறோம் என்பது ஒன்று. இது நியாயமான அச்சம். குழந்தை மெலிந்தால் ‘உனக்கு ஊட்டத் தெரியவில்லை’ என்று சொல்லிவிட்டுக் கூலியையும் விலைவாசியையும் மறந்துவிடுவது அரசுக்கும் வசதி, நமக்கும் வசதி. புத்திமதி சோற்றுக்கு ஈடாகாது. 1980இன் திட்டத்திலும் எடை அட்டையோடு உணவும் போயிற்று. முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவியும் சத்துணவும் இல்லாத இடத்தில் பெற்றோர் குழுவைத் தொடங்கச் சொன்னால் அதை நானே எதிர்ப்பேன். ஆனால் எக்ஜுட் குழுக்களில் சிக்கலைப் பட்டியலிட்டவர்கள் தாய்மாரே என்பதை நினைவில் வையுங்கள். கேள்வி கேட்பவள் தாயாக இருக்கும் கூட்டத்தில் தண்ணீர் வராததும், அங்கன்வாடி கூரை ஒழுகுவதும், பஸ் இல்லாததும் முதலில் வந்துவிடும். தனித்தனியாகக் குற்றவுணர்வில் இருந்தவர்கள், இது தங்கள் குறை மட்டும் இல்லை என்று அங்கேதான் கண்டுகொள்கிறார்கள். பழி வருவது பேச்சாளர் மேலே நின்று கீழே பேசும் கூட்டத்தில்.

நேரம் ஏது என்பது அடுத்தது. மெப்ஸில் ஷிஃப்ட் வேலை பார்க்கும் பெண்ணுக்கும், பழைய மகாபலிபுரம் சாலையில் ஐடி வேலைக்குப் போய் இரவில் திரும்பும் தகப்பனுக்கும் இது உண்மையான தடை. நம் ஏற்பாடுகளோ இதை மதிப்பதே இல்லை. கல்வி உரிமைச் சட்டம் பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கு பெற்றோர் இருக்க வேண்டும் என்கிறது. 2022இல் தமிழ்நாடு அக்குழுக்களைப் புதுப்பித்தபோது 20 பேரில் 15 பேர் பெற்றோர். அருமையான ஏற்பாடு. ஆனால் கூட்டம் வெள்ளிக்கிழமை பிற்பகலில் என்றால் தினக்கூலி இழந்து யார் வருவார்கள்? வருபவர் தாய், அதுவும் வேலைக்குப் போகாத தாய். தகப்பன்மார் அந்த அறைக்குள் வருவதே அபூர்வம். ஞாயிற்றுக்கிழமை காலை வைத்தால் தகப்பனையும் எதிர்பார்க்கலாம். அவனை விட்டுவிட்டுத் தாய்க்கு மட்டும் கற்பித்தால், அவள் முதுகில் இன்னொரு மூட்டையை ஏற்றியதாகத்தான் முடியும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

யார் நடத்துவது? அங்கன்வாடிப் பணியாளர் மேல் போடுங்கள் என்பது வழக்கமான பதில். தமிழ்நாட்டில் 54,439 அங்கன்வாடி மையங்கள் இருக்கின்றன. அங்கே இருப்பவர்கள் ஏற்கெனவே சமையல், எடை, பதிவேடு, கைபேசிச் செயலி, கணக்கெடுப்பு என்று மூச்சுமுட்ட வேலை பார்க்கிறார்கள். அவர்களிடம் இடத்தைக் கேட்கலாம், இன்னொரு வேலையைக் கொடுக்கக் கூடாது. ஆள் கிடைப்பார்களா என்றால், 2021 அக்டோபரில் தொடங்கிய இல்லம் தேடிக் கல்வியை நினைத்துப் பாருங்கள். மாதம் ஆயிரம் ரூபாய் ஊக்கத்தொகையில் ஏறத்தாழ இரண்டு லட்சம் தன்னார்வலர்கள், பெரும்பாலும் அந்தந்தத் தெருப் பெண்கள், மாலை நேர வகுப்பு நடத்த முன்வந்தார்கள். கொரோனா காலத்தில் இழந்த கற்றலைக் குழந்தைகள் மீட்டதில் ஏறக்குறைய கால் பங்கு அந்த வகுப்புகளால் வந்தது என்று, 19 ஆயிரம் குழந்தைகளை வைத்து நடந்த ஆய்வு கணக்கிட்டது. அந்த இரண்டு லட்சம் பேரில் தாய்மார் எத்தனையோ பேர். அவர்களுக்குத் தெருவும் தெரியும், பிள்ளைகளும் தெரியும்.

ஆகவே தாம்பரத்துக்குக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு வார்டில் சராசரியாகப் பத்தாயிரம் பேர் என்று வைத்தால், எக்ஜுட் அளவில் இருபது குழுக்கள் வேண்டும். இங்கே பிறப்பு விகிதம் அங்கே இருந்ததைவிட வெகுவாகக் குறைவு. வார்டுக்குப் பத்துக் குழுக்கள் போதும் என்பது என் மதிப்பீடு. வார்டுக்கு ஒன்று என்று வைத்துத் திறப்புவிழா நடத்துவதற்கு, நடத்தாமலே இருக்கலாம். எழுபது வார்டிலும் ஒரே நாளில் தொடங்க வேண்டாம். பெரும்பாக்கம் இந்த மாநகராட்சிக்குள் இல்லாவிட்டாலும் அங்கே ஒரு பிளாக்கிலும், செம்பாக்கத்தில் ஓர் அடுக்குமாடி வளாகத்திலும், பம்மலில் ஓர் அங்கன்வாடியிலும் தொடங்கி ஓராண்டு நடத்திப் பார்க்கலாம். ஞாயிறு காலை பத்து மணி. பாயை விரித்து உட்காரும் இடம் போதும். பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளப் பெரிய பெண்கள் இரண்டு பேர் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் தாய்மாரால் ஒரு வார்த்தை பேச முடியாது. மேசையும் மைக்கும் வேண்டாம், முதல் மூன்று கூட்டங்களுக்கு வெளியிலிருந்து பேச்சாளரும் வேண்டாம். ‘ராத்திரி பிள்ளை விடாமல் அழுதால் யாரைக் கூப்பிடுவீர்கள்?’ என்று மட்டும் கேட்டு, வந்த ஒவ்வொருவர் பதிலையும் ஒரு நோட்டில் எழுதிக்கொள்ள வேண்டும். ‘யாருமில்லை’ என்று எத்தனை பேர் சொன்னார்கள் என்பதை எண்ணி வைத்துக்கொண்டு, அடுத்த மாதக் கூட்டத்தை அந்தப் பெயர்களிலிருந்து தொடங்க வேண்டும்.